சொட்டும் ஆயிலும் கொங்கு நாட்டு லாரிகளும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பஸ்ஸில் போனவர்கள் கவனித்திருப்பார்கள். பெட்ரோல் பங்க் ஓரம், டீக்கடை எதிர்ப்புறம், பட்டறை வாசல் என்று லாரி நின்ற இடத்திலெல்லாம் தரையில் கறுப்பு வட்டங்கள் இருக்கும். சில வட்டம் காசு அளவு, சில வட்டம் தோசைக்கல் அளவு. வண்டி போய்விட்டாலும் அது எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைத் தரை சொல்லிவிடும். என்ஜின் ஆயில் கசிவுதான் காரணம்.

ஆயில் கசிவுக்கெல்லாம் ஒரு வரலாறா என்று சிரிக்க வேண்டாம். கோயமுத்தூரில் மோட்டார் வண்டி வந்த கதை, அதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட கதை, வானம் பார்த்த பூமிக்காரர்கள் லாரிக்காரர்கள் ஆன கதை எல்லாமே இந்தக் கறுப்பு வட்டத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. ராஜாக்களின் போர்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். பட்டறையைப் பற்றி எழுதுபவர்கள்தான் குறைவு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்றால் மணிக்கு 360 சொட்டு, அதாவது 18 மில்லி. பார்க்கப் பெரிதாகத் தெரியாது. இருபத்து நாலு மணி நேரம் ஓடினால் 432 மில்லி, கிட்டத்தட்ட அரை லிட்டர். நாமக்கல்லில் இருந்து வடக்கே லோடு ஏற்றிப் போகும் வண்டி, போய்த் திரும்ப இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் எத்தனை லிட்டர் ரோட்டில் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநர் குச்சியை எடுத்துப் பார்க்க மறந்த ஒரு நாள் போதும், கிராங்க் பியரிங் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு வண்டி மட்டும் நிற்காது. மாதாமாதம் கட்ட வேண்டிய பைனான்ஸ் தவணையும் சேர்ந்து நிற்கும். சொந்த வண்டி வைத்து ஓட்டும் குடும்பத்துக்கு அது சாதாரண விஷயம் கிடையாது.

சரி, ஆரம்பத்துக்குப் போகலாம்.

கோயமுத்தூர் மோட்டார் கதையை ஜி.டி. நாயுடுவை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். ஓட்டுநரும் அவரேதான். அந்த ஒரு பஸ் பிற்காலத்தில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டும் 1930களில் எழுந்தது. ஊருக்கு ஊர் பஸ் ஓடத் தொடங்கியதும் ஊருக்கு ஊர் அதைப் பழுது பார்ப்பவரும் தேவைப்பட்டார்.

அந்தக் கால என்ஜின்கள் ஆயில் ஒழுகுவதை யாரும் குறையாகவே நினைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. உலகமெங்கும் ஓடிய ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்வோம். அதில் ஆயில் பம்ப் கிடையாது, ஆயில் அளவு காட்டும் குச்சியும் கிடையாது. என்ஜின் அடியில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு சின்னக் குழாய்கள் இருக்கும். மேல் குழாயைத் திறந்தால் ஆயில் வரவேண்டும். வராவிட்டால் கீழ்க் குழாயைத் திறக்க வேண்டும். அதிலும் வராவிட்டால் வண்டியை எடுக்கக் கூடாது. வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தால்தான் ஆயில் மட்டம் தெரியும்! சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் கம்பளித் துணி, தோல், கிராஃபைட் தடவிய கயிறு என்று எதையாவது சுற்றி அடைத்தார்கள். கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிறது என்றால் உள்ளே ஆயில் இருக்கிறது என்று ஆறுதல் பட்டுக்கொண்டார்கள்.

இன்றைக்கு எல்லாப் பட்டறையிலும் சொல்கிற "ஆயில் சீல்" வந்த விதம் சுவாரசியமானது. ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் ஃபிராய்டன்பெர்க் என்று ஒரு தோல் பதனிடும் குடும்ப நிறுவனம், 1849இல் தொடங்கியது. 1920களின் இறுதியில் உலகப் பொருளாதார மந்தம் வந்து தோல் வியாபாரம் படுத்தது. கையில் இருந்த தோலை என்ன செய்வது என்று யோசித்து, மோட்டார் வண்டிகளுக்கான அடைப்பு வளையங்களைச் செய்யத் தொடங்கினார்கள். அங்கே வேலை பார்த்த வால்டர் சிம்மர் என்ற பொறியாளரின் பெயரால் அது சிம்மர் வளையம் ஆயிற்று. தகரக் கூட்டுக்குள் தோல் உதடு, அந்த உதட்டைத் தண்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள் கம்பி. 1930களின் நடுவில் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. இன்றும் கடையில் ஒரு சீலை வாங்கிப் புரட்டிப் பாருங்கள், உள்ளே அந்தச் சுருள் கம்பி இருக்கும். அதைக் கழற்றித் தொலைத்துவிட்டு மாட்டினால் சீல் வேலை செய்யாது என்பது பட்டறைப் பையன் அடி வாங்கிக் கற்றுக்கொள்ளும் முதல் பாடங்களில் ஒன்று.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு. சென்னை மாகாணத்தில் பஸ்களின் பின்னால் கரி அடுப்பு போல ஓர் உருளையை மாட்டி, அடுப்புக் கரியில் வரும் வாயுவைக் கொண்டு வண்டி ஓட்டினார்கள். கரித்தூளும் சாம்பலும் என்ஜினுக்குள் போய் ஆயிலைக் கெடுத்தன, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தன. உதிரிப் பாகங்கள் கப்பலில் வர வழியில்லை. ஆனால் கோயமுத்தூருக்கு ஒரு வசதி இருந்தது. நூற்பாலைகளுக்காகவும் கிணற்றுப் பம்புகளுக்காகவும் ஏற்கெனவே ஊர் முழுக்க வார்ப்படப் பட்டறையும் லேத்தும் வந்துவிட்டன. 1932இல் பைக்காரா மின்சாரமும் வந்துவிட்டது. பம்ப் செய்யத் தெரிந்தவனுக்கு ஒரு புஷ் கடைந்து கொடுப்பது பெரிய வேலையா? இல்லாத பாகத்தை இருப்பதைக் கொண்டு செய்துகொள்வது என்ற கோயமுத்தூர் குணம் போர்க்காலத்தில் இன்னும் கூர்மைப்பட்டிருக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறுகிறது. 1948இல் சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தமாகி காமெட் லாரிகள் வந்தன. 1955இல் பெயரே அசோக் லேலண்ட் ஆயிற்று. இன்னொரு பக்கம் 1954இல் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியைக் கொண்டு வந்தது. பதினைந்து வருட ஒப்பந்தம். 1969இல் அது முடிந்ததும் முகப்பில் இருந்த நட்சத்திரம் போய் டாடாவின் எழுத்து வந்தது. முகம் மாறியதே தவிர உள்ளே துடித்தது அதே வம்சத்து இதயம்தான்.

இங்கே ஒரு சின்னத் தகவல். "692 என்ஜின்", "697 என்ஜின்" என்று டாடா வண்டிக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது ஏதோ மாடல் நம்பர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை. 92, 97 என்பது சிலிண்டரின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 497 என்றால் நாலு சிலிண்டர், 97 மில்லி. லேலண்டில் 370, 400 என்று வருவதோ என்ஜின் கொள்ளளவு, கன அங்குலத்தில். ஜெர்மன் வம்சம் மில்லிமீட்டரில் பேசியது, ஆங்கில வம்சம் அங்குலத்தில் பேசியது. இதனால் ஒரே பட்டறையில் இரண்டு செட் ஸ்பேனர்கள். கிராங்கைக் கடைந்தால் டாடாவுக்குக் கால் மில்லி, அரை மில்லி என்று பியரிங் வாங்க வேண்டும். லேலண்டுக்குப் பத்து, இருபது, முப்பது "தவு". பத்தாவது தாண்டாத மெக்கானிக்குகள் இந்த இரண்டு கணக்கையும் மனத்திலேயே போடுவார்கள்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் லாரிக்கு மாறியது ஏன் என்பதற்குத் தரையைப் பார்த்தால் போதும். மேட்டு நிலம், குறைந்த மழை, ஆழமான கிணறு. விவசாயத்தை மட்டும் நம்பி எல்லாப் பிள்ளைகளும் பிழைக்க முடியாது. சொந்தபந்தம் நாலு பேர் சேர்ந்து ஒரு லாரி, அது ஓடினால் இன்னொரு லாரி. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வந்ததும் லோடு கிடைத்தது. 1950களில் இருந்தே நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வளர்ந்தன. ஆலையில் இருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டிக்கு மரத்தாலும் இரும்பாலும் உடம்பு கட்டி, பூ வரைந்து, பெயர் எழுதி அனுப்புவார்கள். 1970களில் தேசிய பர்மிட் வந்ததும் இந்த வண்டிகள் இந்தியா முழுக்கப் போயின. அதே சமயம் 1972இல் கோயமுத்தூரில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவாகி, பஸ் தொழில் அரசின் கைக்குப் போனது. தனியாருக்கு மிஞ்சிய பெரிய வழி லாரிதான்.

(அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது போலவே, என்ஜின் ஆயிலுக்கும் கணக்கு வைப்பார்கள். எந்த பஸ்ஸுக்கு எவ்வளவு ஆயில் ஊற்றினோம் என்று டிப்போவில் எழுதி வைப்பதால், ஒரு வண்டி திடீரென்று கூடுதலாகக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். தனி லாரிக்காரரின் கணக்கு ஓட்டுநரின் நினைவில்தான்.)

இனி பட்டறைக்குள் போகலாம்.

"ஏனுங்கண்ணா, வண்டி ஆயில் ஒழுகுதுங்க."

"எங்கிருந்துங்க?"

"அடியிலதானுங்க."

எல்லா ஆயிலும் அடியில்தான் சொட்டும்! அதனால் இந்தப் பதிலில் பயன் எதுவும் இல்லை. நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். முதலில் இரண்டு கேள்வி கேட்பார். ஓடும்போது ஒழுகுதா, நின்ற பிறகு ஒழுகுதா? ஆயில் குறைகிறதா, கூடுகிறதா?

இரண்டாவது கேள்வி விசித்திரமாகத் தோன்றும். ஆயில் எப்படிக் கூடும்? டீசல் பம்பில் இருந்து டீசல் உள்ளே கசிந்து ஆயிலோடு கலந்தால் குச்சியில் மட்டம் ஏறும். பார்த்தவர் சந்தோஷப்படுவார், ஆனால் ஆயில் தண்ணீராய் நீர்த்துப்போய், சீல்கள் வழியே சுலபமாக வெளியேறும், பியரிங்கையும் காப்பாற்றாது. குச்சியைத் தொட்டு விரலில் தேய்த்து மோந்து பார்த்தால் டீசல் வாடை காட்டிக்கொடுக்கும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் பேக்கிங்கோ லைனர் வளையமோ போயிருக்கும். அது வேறு வைத்தியம்.

அடுத்தது குளிப்பாட்டுவது. பத்து வருட அழுக்கும் மண்ணும் ஆயிலும் சேர்ந்து என்ஜின் மேல் விரல் கனத்துக்கு அப்பியிருக்கும்போது கசிவு எங்கே என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. டீசல் அல்லது மண்ணெண்ணெய் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் அடித்து, துடைத்துக் காயவிடுவார்கள். துடைக்கிற துணி திருப்பூர் பனியன் வேஸ்ட். திருப்பூரில் வெட்டி விழுந்த பனியன் துண்டுகள்தான் பட்டறைகளின் கைக்குட்டை. அதற்கு முன்னால் நூற்பாலைகளின் பஞ்சு வேஸ்ட். கொங்கு நாட்டின் இரண்டு தொழில்கள் சந்திக்கும் இடம் மெக்கானிக்கின் கை!

காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடங்களில் வெள்ளைப் பொடி தூவுவார்கள். சாக்பீஸ் தூள், முகப்பவுடர், எதுவானாலும் சரி. வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேறவிட்டு, முடிந்தால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பொடியில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். இன்று ஆயிலில் ஒரு சாயத்தைக் கலந்து ஊதா விளக்கு அடித்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. இரண்டின் தத்துவமும் ஒன்றுதான். ஆயில் கீழே இறங்கும், விசிறிக் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்க்கக் கூடாது. நனைந்த இடங்களிலேயே மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எது என்று தேட வேண்டும். இது தெரியாமல், மேலே டாப்பட் கவர் பேக்கிங் கசிந்து வழிந்ததைப் பின்பக்க கிராங்க் சீல் என்று நினைத்து, கியர் பாக்ஸையே இறக்கியவர்கள் உண்டு. நூறு ரூபாய் வேலைக்கு இரண்டு நாள் கூலி.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அவசரக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். என்ஜின் மூச்சு விடுகிறதா?

பிஸ்டன் எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தாலும் எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். வருடக்கணக்கான புகையும் கரியும் அதில் படிந்து அடைத்துக்கொள்ளும். நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியாக இருந்தால் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எந்த சீல் பலவீனமோ, எந்தப் பேக்கிங் பழசோ, அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். சீலை மாற்றுவார்கள். பத்து நாளில் வேறு இடத்தில் ஒழுகும். அதை மாற்றினால் இன்னொரு இடம். கம்பெனி சீல் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும். ஒரு கம்பியை விட்டு பிரீதரைச் சுத்தம் செய்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

பிரீதர் சுத்தமாக இருந்தும் அழுத்தம் இருந்தால்? ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, கவிழ்த்து வாயின் மேல் சும்மா வைத்துவிட்டு என்ஜினை மெதுவாக ஓடவிடுவார்கள். மூடி லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. துள்ளிக் குதித்து விழுந்தால், குபுகுபுவென்று புகை வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். காற்று பிரேக்குக்கான கம்ப்ரஸரின் பிஸ்டன் தேய்ந்தாலும் இதே கூத்து நடக்கும், அதையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். வெளியே ஆயில் ஒழுகுகிறது என்று வந்தவரிடம் "உள்ளே என்ஜின் வேலை இருக்குங்க" என்று சொல்வது எளிதல்ல. நம்பாமல் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். அடுத்த பட்டறையில் ஒரு சீலை மாற்றி அனுப்பிவிடுவார்கள். நேர்மையான மெக்கானிக்குக் கிராக்கி குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேக்கிங் விஷயத்துக்கு வந்தால், ஆயில் சேம்பருக்கும் டாப்பட் கவருக்கும் பழைய வண்டிகளில் தக்கை பேக்கிங்தான். தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை, பெரும்பாலும் போர்ச்சுகலில் இருந்து வருவது. கசிகிறது என்றதும் போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். இறுக்கினால் தக்கை பிதுங்கிக் கிழியும். தகரச் சேம்பரின் விளிம்பும் ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் குழிந்துவிடும். குழிந்த விளிம்பில் புதுப் பேக்கிங் போட்டாலும் உட்காராது. அனுபவசாலிகள் சேம்பரைக் கழற்றியதும் விளிம்பை ஒரு சமமான இரும்பின் மேல் வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்திய பிறகே பேக்கிங்கைக் கையில் எடுப்பார்கள்.

கடையில் கிடைக்காத பேக்கிங்கைச் செய்வது தனிக் கலை. பேக்கிங் காகிதத்தை என்ஜின் முகத்தின் மேல் விரித்து, உருண்டைத் தலை சுத்தியலால் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தால், இரும்பின் ஓரமே கத்தரிக்கோலாக மாறி வெட்டிக் கொடுக்கும். போல்ட் ஓட்டைக்கு மேல் உருண்டைத் தலையால் ஒரு தட்டு, வட்டம் விழுந்துவிடும். ஐந்து நிமிடத்தில் அச்சு அசலான பேக்கிங் தயார். ஒட்ட வைக்க அந்தக் காலத்தில் ஷெல்லாக். அது அரக்குப் பூச்சி தரும் பிசின், ஜார்க்கண்ட் காடுகளில் விளைவது. போர்ச்சுகல் மரப்பட்டையும் ஜார்க்கண்ட் பூச்சியின் அரக்கும் நாமக்கல் பட்டறையில் சேர்ந்து ஜெர்மன் வம்சத்து என்ஜினின் ஆயிலை நிறுத்தின! பின்னால் ட்யூபில் வரும் சிலிக்கான் பசை வந்தது. எந்தக் கம்பெனி பசையானாலும் பட்டறையில் அதற்கு "அனபாண்ட்" என்றே பெயர். அதையும் அளவோடு போட வேண்டும். அதிகம் தடவினால் உள்பக்கம் பிதுங்கிய பசை உடைந்து விழுந்து ஆயில் பம்பின் வலையை அடைக்கும். வெளியே ஒழுகாமல் இருக்க உள்ளே என்ஜினைக் கொன்ற கதையாகிவிடும். செம்பு வாஷர்களைத் தூக்கி எறியாமல், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மறுபடி இளக்கிப் பயன்படுத்துவதும் உண்டு. இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு மென்மையாகும். இந்த உலோகவியல் பாடத்தைக் கல்லூரியில் படித்ததை விடப் பட்டறையில் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

எல்லாவற்றிலும் பயப்படும்படியானது பின்பக்க கிராங்க் சீல். பழைய பென்ஸ் வம்சத்து என்ஜின்களில் அங்கே கயிறு சீல்தான் இருந்தது. கிராஃபைட் ஊட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று. அதைக் காடியில் வைத்து, உருளையான மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்துப் படியவைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிளேடால் அறுப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பது அப்போது பட்டறையில் யாருக்குத் தெரியும்? அந்தத் தூளை வாயால் ஊதித்தான் சுத்தம் செய்தார்கள். அந்த வேலை செய்தவர்களின் இருமலுக்கு யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

இந்தக் கசிவுக்கு மலையோடு தொடர்பு உண்டு. சமதளத்தில் ஒழுகாத வண்டி, சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஒழுகும். வண்டி மூக்கைத் தூக்கியதும் சேம்பரில் உள்ள ஆயில் பின்பக்கம் ஒதுங்கி சீலை நனைக்கிறது. அதே நேரம் முழு லோடில் என்ஜின் திணறுவதால் உள்ளழுத்தமும் அதிகம். மைசூர் பக்கம் போய் வந்தவர் "மலையில மட்டும்தானுங்க ஒழுகுது" என்றால் மெக்கானிக் அதிலேயே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னும் உறுதி செய்ய, என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே உள்ள கூட்டின் அடியில் ஒரு சின்ன வடிகால் ஓட்டை இருக்கும். அதில் சொட்டுவது என்ன ஆயில்? கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், குற்றவாளி கியர் பாக்ஸின் முன் சீல். நெடி இல்லாமல் கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். அந்த ஆயில் கிளட்ச் பிளேட்டில் தெறித்தால் கிளட்ச் வழுக்கும். லோடோடு மலையேறும்போது கிளட்ச் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதனால்தான் மற்றக் கசிவை "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் முதலாளியும் இதற்கு மட்டும் வண்டியை நிறுத்துவார்.

வேலை பெரிது. புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச், பிளைவீல் எல்லாம் எடுத்தால்தான் சீலே கண்ணில் படும். அதுவும் ரப்பர் சீலாக இருந்தால், புதிதை மாட்டுவதற்கு முன் நகத்தால் தண்டைத் தடவிப் பார்க்க வேண்டும். பழைய சீலின் உதடு வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி, எஃகிலேயே வளையமாகப் பள்ளம் போட்டிருக்கும். ரப்பர் எஃகைத் தின்னுமா என்றால், தின்னும். நடுவில் மாட்டிய தூசிதான் பல். அந்தப் பள்ளத்தில் புதுச் சீலின் உதடு உட்கார்ந்தால் முதல் நாளே ஒழுகும். இதற்குப் பட்டறைகள் கண்ட வழி எளிமையானது: சீலை இரண்டு மில்லி முன்னால் அல்லது பின்னால் தள்ளி அடிப்பது. உதடு தேயாத இடத்தில் உட்காரும். அதுவும் முடியாவிட்டால் லேத்தில் ஒரு மெல்லிய உறை கடைந்து தண்டின் மேல் ஏற்றுவார்கள். வெளிநாட்டில் இதற்கென்றே தயாரான உறைகள் விற்கிறார்கள். நம் லேத்துக்காரர்கள் எந்தப் புத்தகமும் பார்க்காமல் செய்தது அதே வேலைதான்.

முதலாளியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வண்டி இரண்டு நாள் நின்றால் இரண்டு நாள் வாடகை போச்சு. ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் படி கொடுக்க வேண்டும், தவணைத் தேதி காத்திருக்காது. தினம் அரை லிட்டர் ஆயில் ஊற்றிவிட்டு ஓட்டினால் என்ன என்று அவர் கேட்பது முட்டாள்தனம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு, ஊற்ற மறக்காத ஓட்டுநரை நம்பிப் போட்ட கணக்கு. வாளையாறு சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, பசியும் தூக்கமுமாக நள்ளிரவில் கேரளத்துக்குள் நுழையும் ஓட்டுநர் குச்சியை எடுத்துப் பார்ப்பாரா? (2017இல் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகுதான் அந்த வரிசை குறைந்தது.) அழுத்தம் காட்டும் முள் விழுவதைக் கவனித்தால் தப்பலாம். அந்த மீட்டர்களைச் செய்யும் பிரிக்கால் நிறுவனமும் 1970களில் கோயமுத்தூரிலேயே தொடங்கியதுதான். ஆனால் பழைய லாரிகளின் டேஷ்போர்டில் உயிரோடு இருக்கும் முள் எத்தனை என்பது ஓட்டுநர்களுக்குத்தான் வெளிச்சம்.

தரையில் விழுந்த ஆயில் எங்கே போகிறது என்பதையும் யாரும் கேட்பதில்லை. மழை வந்தால் சாக்கடைக்கு, அங்கிருந்து குளத்துக்கு. நொய்யலைச் சாயப்பட்டறைகள் கெடுத்த கதை கோர்ட் வரை போனது. லாரிப் பட்டறைகளின் பங்கு சின்னதாக இருக்கலாம், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தன. புது என்ஜின்களில் பிரீதர் புகையைக் கூட வெளியே விடாமல் வடிகட்டி, ஆயிலைப் பிரித்துத் திரும்பச் சேம்பருக்கே அனுப்புகிறார்கள். கயிறும் தக்கையும் போய், டெஃப்லான் உதடு வைத்த சீல்களும் வார்த்த ரப்பர் பேக்கிங்குகளும் வந்துவிட்டன. கோளாறு என்றால் முதலில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிறார்கள். 2021இல் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையும் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் 697 அவ்வளவு சீக்கிரம் சாகிற ஜாதி கிடையாது. தண்ணீர் லாரியாக, செங்கல் சூளை வண்டியாக, உள்ளூர் டிப்பராக அங்கங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்ட வண்டிகள் பட்டறைக்கு வந்தால் பொடி தூவக்கூடத் தேவைப்படுவதில்லை. சாயந்திரம் என்ஜின் அடியில் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, முன் சக்கரம் இருக்கும் பக்கம் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் அட்டையை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பார்த்தால், முன்னால் இரண்டு சொட்டு டைமிங் கவர், நடுவில் வரிசையாகச் சேம்பர் பேக்கிங், பின்னால் பெரிய வட்டம் கிராங்க் சீல். டீ வருவதற்குள் எஸ்டிமேட் தயாராகிவிடும்.